கண்ணில்லாத பதினோரு துண்டுகள்

வின்னிபெக், கனடா
பிப்ரவரி 6, 1995

அன்புள்ள மாரே சாரிங்குக்கு,

உறையின் பின்பக்கம் என் பெயரைப் பார்த்ததும் இதைக் கிழித்து அடுப்பில் போட்டிருக்க மாட்டாய் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். போட்டிருந்தால் இந்த வரியை நீ படிக்கப் போவதில்லை, ஆகவே கவலையும் இல்லை. என் மகள் மிண்டாவுக்கு நீ ஞானத்தாய் ஆன நாளிலிருந்து நாம் ஒருவரை ஒருவர் மாரே என்றுதான் கூப்பிட்டோம். பத்து வருஷம் பேசாமல் இருந்துவிட்டு அப்படி அழைக்கலாமா என்று தெரியவில்லை. பேனா தானாக எழுதிவிட்டது.

நீயும் சிட்ரோவும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நாங்கள் மூன்று பேரும் நன்றாக இருக்கிறோம். வெளியே மைனஸ் முப்பது. என் வீட்டுக்காரர் டெல்போ ஜன்னலோரம் உட்கார்ந்து பனியைப் பார்த்துத் திட்டிக்கொண்டே இருக்கிறார், அது அவருக்கு ஒரு வேலை. உன் ஞானமகள் ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் இருக்கிறாள். கல்யாணப் பேச்சை எடுத்தால் ஊசியோடு வருகிறாள்.

விஷயத்துக்கு வருகிறேன். மே மாதம் எங்கள் பங்குக் கோயில் கூடத்தில் நம் பிலிப்பைன்ஸ்காரர்கள் சங்கத்தின் விருந்து. எழுபதுகளில் ஊரில் பிறந்தநாளுக்கும் ஞானஸ்நானத்துக்கும் மேசையில் என்னென்ன வைத்தோமோ அவை மட்டும்தான் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. திராட்சை போட்ட மக்ரோனி சாலட், வாழைப்பழக் கெட்ச்சப் ஊற்றிய இனிப்பு ஸ்பகெட்டி, டின் பழக்கலவை மிதக்கும் ஜெல்லி, எல்லாவற்றுக்கும் ஆள் கிடைத்தாயிற்று. கூட்டத்தில் நான் சும்மா இருந்திருக்கலாம். "எங்க சான் பாப்லோல நடுவுல முட்டை வச்ச எம்புடிடோ இறைச்சி உருளைய வெட்டினா ஒவ்வொரு துண்டும் கண்ணத் தொறந்து நம்மளப் பார்க்கும்"னு சொல்லித் தொலைத்தேன். "அப்ப அது உங்க தலையில" என்று தலைவி உடனே எழுதிக்கொண்டாள்.

உனக்குத்தான் தெரியுமே. பதினைந்து வருஷம் நாம் சேர்ந்து விருந்து வைத்தோம். எம்புடிடோ உன் பக்கம், முட்டைக்கோஸும் சாண்ட்விச்சும் என் பக்கம். ஒருத்தி பக்கம் இன்னொருத்தி எட்டிப் பார்த்ததில்லை. இந்த மாதம் மூன்று முறை செய்து பார்த்தேன். முதலாவது உதிர்ந்தது. இரண்டாவதில் முட்டை ஓரமாக ஓடிவிட்டது. மூன்றாவதைப் பார்த்து டெல்போ சொன்னார், "இது எம்புடிடோ இல்லடி, விபத்து."

வேறு யாருக்காவது தெரிந்திருந்தால் உன்னைத் தொந்தரவு செய்திருக்க மாட்டேன். முடிந்தால் செய்முறையை எழுதி அனுப்பு.

உன் மாரே,
லூடி


சான் பாப்லோ, லகூனா, பிலிப்பைன்ஸ்
மார்ச் 2, 1995

மரியாதைக்குரிய திருமதி லூடிவினா அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. கிழிக்கவில்லை. அடுப்பு எரியாமல் இருந்தது, அது ஒன்றுதான் காரணம்.

கேட்டதை எழுதுகிறேன். ஓர் உருளைக்கு ஒரு கிலோ பன்றியிறைச்சி, கொத்தியது. கால்வாசி கொழுப்பு இருக்க வேண்டும். கொழுப்பு வேண்டாம் என்று அங்கே டாக்டர்கள் சொல்வார்களாம். டாக்டர்கள் விருந்துக்கு வந்தால் அவர்களுக்குத் தனியாகச் செய்யுங்கள். துருவிய காரட், பொடியாக நறுக்கிய இனிப்பு ஊறுகாய், திராட்சை, சீஸ், ரொட்டித்தூள், மிளகு. கட்டிப்பட இரண்டு பச்சை முட்டை. கையால் பிசையுங்கள், கரண்டியால் அல்ல.

வெள்ளித்தாளில் பரப்பி நடுவில் வேகவைத்த முட்டைகளை வரிசையாக வையுங்கள். முட்டையின் இரண்டு முனைகளையும் சீவிவிட்டு ஒன்றோடு ஒன்று முட்டும்படி வைக்க வேண்டும். இடைவெளி விட்டால் அந்த இடத்துத் துண்டில் கண் இருக்காது. ஓர் உருளைக்கு நான்கு முட்டை. மூன்று போதும் என்று நினைக்காதீர்கள். நான்கு. பக்கத்தில் டின் சாசேஜ். சுருட்டி, மிட்டாய்த்தாள் முறுக்குவதுபோல இரு முனையையும் முறுக்கி, ஒரு மணி நேரம் ஆவியில் வேகவிடுங்கள். மறுநாள் வரை ஆற வேண்டும். ஆறாமல் வெட்டுவதால்தான் உதிர்கிறது. பொறுமை உங்களுக்கு எப்போதும் கிடையாது.

சிட்ரோ நலம். தேங்காய் ஆலை மூடியபின் கொஞ்ச நாள் சிரமப்பட்டோம், அது ஊருக்கே தெரியும். இப்போது சொந்தமாக ஜீப்னி ஓட்டுகிறார். முன்கண்ணாடிக்கு மேல் என் பெயரைச் சிவப்பில் எழுதியிருக்கிறார். நாங்கள் யாரிடமும் கை நீட்டும் நிலையில் இல்லை என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன்.

மிண்டாவுக்கு என் ஆசிகள். அவளோடு எனக்கு ஒன்றுமில்லை.

இப்படிக்கு,
ரொசாரியோ

பி.கு.: முட்டைக்கோஸை இப்போதும் வெள்ளித்தாளில்தான் சுற்றுகிறீர்களா, இல்லை கனடாவில் தங்கத்தாளா?


வின்னிபெக்
மார்ச் 27, 1995

அன்புள்ள மாரே,

நீ எத்தனை 'நீங்கள்' போட்டாலும், ரொசாரியோ என்று முழுப்பெயரில் கையெழுத்துப் போட்டாலும், எனக்கு நீ சாரிங்தான், 'நீ' என்றுதான் எழுதுவேன். உன் கடிதத்தைப் படித்ததும் எனக்குப் பல் கூசியது. ஆனால் எம்புடிடோ வந்துவிட்டது. நேற்று ஆறவைத்து இன்று வெட்டினேன். நான்கு முட்டை, முனை சீவி, முட்டுக்கு முட்டு. ஒவ்வொரு துண்டிலும் மஞ்சள் கண். டெல்போ ஏழு துண்டு சாப்பிட்டார். மிண்டா ஒன்றை வாயில் போட்டு, "என் ஞானத்தாய் நினாங் கை மணம் வருது"ன்னாள். பிசைந்தது என் கை, பெயர் உனக்கு. போகட்டும்.

வெள்ளித்தாள்தான். முட்டைக்கோஸ் முழுசாக, அதன்மேல் வெள்ளித்தாள், அதில் பல்குச்சியில் சிவப்புச் சாசேஜும் வெள்ளை மார்ஷ்மெல்லோவும். உனக்கு ஞாபகம் இருக்கிறதா, மிண்டாவின் ஏழாவது பிறந்தநாளில் பிள்ளைகள் எல்லாரும் மார்ஷ்மெல்லோவை மட்டும் பிடுங்கித் தின்றுவிட்டு, சாசேஜோடு குச்சியைத் திரும்பக் குத்தி வைத்தார்களே. மேயர் மனைவி வந்து பார்த்தபோது அது மழையில் நனைந்த முள்ளம்பன்றி மாதிரி நின்றது. "இது புது மோஸ்தர்ங்க, மார்ஷ்மெல்லோ இல்லாமலே பண்றோம்"னு நீ கொஞ்சமும் அசராமல் சொன்னாய். அடுத்த மாதம் அவள் வீட்டு விருந்திலும் மார்ஷ்மெல்லோ இல்லை. நாம் இருவரும் குளியலறையில் போய்ச் சிரித்தோம்.

இவ்வளவு எழுதியபின் கேட்காமல் இருக்க முடியவில்லை. நாங்கள் கிளம்பிய அன்று நீ ஏன் வரவில்லை? ஜீப்னி நிறைய ஆட்கள் விமான நிலையம் வரை வந்தார்கள். நான் கடைசிக் கதவு வரை திரும்பித் திரும்பிப் பார்த்தேன். அதற்கு முன்பு அந்தக் கூடை. நான் அனுப்பிய பிரம்புக்கூடையைக் காலியாகத் திருப்பி அனுப்பினாய். நம் ஊரில் பாத்திரத்தை வெறுமையாக யாரும் திருப்பித் தருவதில்லை. இரண்டு கலமான்சி எலுமிச்சங்காயாவது போட்டுத் தருவார்கள். அன்று நான் கூடைக்குள் கைவிட்டுத் துழாவினேன், அடியில் ஏதாவது இருக்குமென்று. ஒன்றுமில்லை.

அந்தக் கூடையை இங்கே கொண்டுவந்தேன். இப்போது அதில் வெங்காயம் வைத்திருக்கிறேன்.

லூடி


சான் பாப்லோ
ஏப்ரல் 22, 1995

லூடி,

நீ என்றே எழுதுகிறேன். மரியாதையாகத் திட்ட எனக்கு வரவில்லை.

ஏன் வரவில்லை என்றா கேட்கிறாய். ஆகஸ்ட் மூன்றாம் தேதி, 1985. மிண்டாவின் பதினெட்டாம் பிறந்தநாள். மூன்று நாள் உன் வீட்டுச் சமையலறையில் என் கால் வீங்கியது. நான் விருந்தாளியா, வேலைக்காரியா என்றே யாருக்கும் தெரியவில்லை, எனக்கும் கவலையில்லை, என் ஞானமகள் விருந்து. முடிந்தபோது நீ வாசல் கேட்டருகே நின்று எல்லாருக்கும் பொட்டலம் கொடுத்தாய். வந்தவர்கள் வீட்டுக்குக் கொண்டுபோக, வழக்கமாகக் கட்டுவோமே, அதுதான். போட்டோக்காரனுக்குக் கொடுத்தாய். அவன் உதவியாளுக்குக் கொடுத்தாய். அழைக்காமல் வந்த எதிர்வீட்டுக்காரிக்கு இரண்டு.

நான் வேண்டுமென்றே கடைசியாகக் கிளம்பினேன். எனக்கென்று நல்லதாக எடுத்து வைத்திருப்பாய் என்று நினைத்தேன். நீ என் கன்னத்தில் முத்தம் கொடுத்து, "பத்திரமாப் போய்ட்டு வா மாரே"ன்னாய். உன் கை வெறுங்கை. சிட்ரோ வீட்டில் கேட்டார், "எங்கடி பொட்டலம்?" நான், "மறந்துட்டேன்"னு சொன்னேன். பதினைந்து வருஷத்தில் அவரிடம் நான் சொன்ன பொய்களில் அதுதான் வாயில் கசந்தது.

கனடா விசா வந்ததிலிருந்து உன் தலை கொஞ்சம் நிமிர்ந்துதான் இருந்தது. சரி, அதைக்கூட விட்டிருப்பேன். மறுநாள் காலையில் டிரைசிக்கிளில் ஒரு கூடை வந்தது. அரிசி, டின் பால், மீன் டின். ஒரு வரி கடிதம் கிடையாது. எல்லார் முன்னாலும் கொடுக்க வேண்டியதைக் கொடுக்காமல், பஞ்சம் பிழைக்க வந்தவளுக்கு அனுப்புவதுபோல் அனுப்பினாய். போதாக்குறைக்கு ஒரு டஜன் முட்டை. அந்த முட்டைகளை எதற்கு வைத்தாய் என்று உனக்குத் தெரியும். எனக்கும் தெரியும்.

ஒன்றை ஒளிக்காமல் சொல்கிறேன். கூடையை அப்படியே திருப்பி அனுப்பியிருந்தால் எனக்குப் பெருமையாக இருந்திருக்கும். முடியவில்லை. வீட்டில் அரிசி இல்லை. எடுத்துக்கொட்டிவிட்டு வெறும் கூடையை அனுப்பினேன். உன் அரிசியைத் தின்றுகொண்டே உன்மேல் கோபமாக இருந்தேன், அதனால்தான் கோபம் இத்தனை வருஷம் தாங்கியது.

இப்போது வெங்காயம் வை, பூண்டு வை. உன் இஷ்டம்.

சாரிங்


வின்னிபெக்
மே 22, 1995

என் அன்பு மாரே,

முதலில் நல்ல சேதி. சனிக்கிழமை விருந்து முடிந்தது. உன் எம்புடிடோ பத்து நிமிஷத்தில் காலி. கடைசித் துண்டு மட்டும் தட்டில் தனியாகக் கிடந்தது. நம் ஆட்கள்தானே, கடைசியை எடுக்க வெட்கம். ஒவ்வொருவரும் அதைச் சுற்றி நடந்து போய்ப் போய்ப் பார்த்தார்கள். கடைசியில் வயதான பாதிரியார் ஒருவர் வந்து, "இது எனக்காகவா இருக்கு?"ன்னு எடுத்து வாயில் போட்டார். அவர் உக்ரேன்காரர், அவருக்கு நம் வெட்கம் தெரியாது. கூடமே கை தட்டியது. என் முட்டைக்கோஸைப் பார்த்து நான்கு கிழவர்கள் கண் கலங்கினார்கள். முட்டைக்கோஸுக்கு அழுத மனிதர்களை நான் அன்றுதான் பார்த்தேன்.

இனி, நான் பத்து வருஷமாக வாயில் அடக்கி வைத்திருந்ததை எழுத வேண்டும். எழுதியபின் நீ பதில் போடாமல் இருந்தாலும் புரிந்துகொள்வேன்.

அன்று மாலை நடனம் நடந்துகொண்டிருந்தபோது ஐஸ் எடுக்கச் சமையலறைக்கு வந்தேன். நீ எனக்கு முதுகு காட்டி நின்றாய். எம்புடிடோத் தட்டு உன் முன்னால். நீ துண்டுகளைப் பொறுக்கி, கைத்துணியில் சுற்றி, உன் வெள்ளைக் கைப்பையில் வைத்தாய். ஒன்றிரண்டு அல்ல. பை மூடவில்லை, முழங்கையால் அழுத்தி மூடினாய். நான் சத்தமில்லாமல் திரும்பிப் போய்விட்டேன். ஐஸ் எடுக்கவில்லை. அன்று எல்லாரும் சூடாகக் கோக் குடித்தது அதனால்தான்.

என்ன நினைத்தேன் என்று சொல்கிறேன், அடிக்காதே. ஆலை மூடி நான்கு மாதம். வீட்டில் சாப்பாட்டுக்குச் சிரமம், என்னிடம் கூடச் சொல்லவில்லை, பிள்ளைகளுக்கு எடுத்துப் போகிறாள் என்று நினைத்தேன். எனக்கு உன்மேல் கோபம் வரவில்லை மாரே. என்மேல்தான் வந்தது, இவ்வளவு நெருக்கத்தில் இருந்தும் தெரியாமல் போயிற்றே என்று.

உனக்கான பொட்டலத்தை முதல் ஆளாகக் கட்டி வைத்திருந்தேன். பெரியது. அடுப்புக்குள் ஒளித்து வைத்திருந்தேன், எதிர்வீட்டுக்காரி கண்ணில் படக்கூடாதென்று. ஆனால் கேட்டருகே உன்னைப் பார்த்ததும் கை வரவில்லை. பொட்டலம் கொடுத்தால் அதை வைக்க நீ பையைத் திறக்க வேண்டும். திறந்தால் உள்ளே இருப்பதை எல்லாரும் பார்ப்பார்கள். உன் மானம் போகக்கூடாது என்று கொடுக்காமல் விட்டேன். விடிந்ததும் கூடையில் கையில் கிடைத்ததை எல்லாம் போட்டு அனுப்பினேன். கடிதம் எழுதினால் பார்த்ததைச் சொன்னதாகிவிடும் என்று எழுதவில்லை.

முட்டையைப் பற்றி நீ எழுதியது எனக்குப் புரியவே இல்லை. சாண்ட்விச்சுக்கு வாங்கியதில் மிச்சமிருந்தது, வைத்தேன். முட்டையில் என்ன இருக்கிறது?

உன்,
லூடி


வின்னிபெக்
ஜூலை 10, 1995

மாரே,

ஏழு வாரம் ஆயிற்று. தபால்காரர் இப்போது என்னைக் கண்டால் எதிர்ப்பக்கம் நடக்கிறார்.

நான் எழுதியிருக்கக் கூடாதோ என்று தினமும் யோசிக்கிறேன். மிண்டா திட்டுகிறாள், "பார்த்ததப் பார்க்கலன்னு இன்னும் பத்து வருஷம் இருந்திருக்கலாம்ல"ன்னு. டெல்போ மட்டும், "சாரிங் கோவமா இருந்தா உடனே எழுதிடுவா, இது வேற ஏதோ"ன்னு சொல்கிறார். அவர் சொன்னது பலித்ததாகச் சரித்திரம் இல்லை. இருந்தாலும் அதைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

உன்னைத் திருடி என்று நினைத்ததாக நீ எடுத்துக்கொள்ளாதே. என் மேசையில் இருந்த எதுவும் உன்னுடையதுதான். அன்று எனக்கு அதைச் சொல்லும் தைரியம் இல்லை, இன்று சொல்கிறேன். ஒரு வரி போடு. திட்டியாவது.

லூடி


சான் பாப்லோ
ஜூலை 30, 1995

அடி முட்டாள் லூடி,

முதல் மூன்று வாரம் உன் கடிதத்தை அரிசி டின்னுக்குள் வைத்துப் பூட்டியிருந்தேன். வெட்கத்தில் முகம் எரிந்தது. நீ பார்த்திருக்கிறாய், பத்து வருஷம் ஒருத்தரிடமும் சொல்லவில்லை என்பதைத் தாங்க முடியவில்லை. நான்காவது வாரம் சிட்ரோவிடம் படித்துக் காட்டினேன். அவர் நாற்காலியிலிருந்து விழும்வரை சிரித்தார். பிறகு எனக்கும் தொற்றிக்கொண்டது. அதற்குப் பிறகு எழுத உட்காரும்போதெல்லாம் சிரிப்பு வந்து பேனா ஓடவில்லை. தாமதத்துக்குக் காரணம் இதுதான்.

கேள். அந்த விருந்துக்கு நான்கு உருளை செய்ய வேண்டும். ஓர் உருளைக்கு நான்கு வீதம் உள்ளே வைக்கப் பதினாறு முட்டை. இறைச்சி நீ வாங்கித் தந்தாய். முட்டை என் பொறுப்பு என்று நான்தான் வீறாப்பாகச் சொல்லியிருந்தேன், ஞானத்தாய் பங்கு என்று. கட்டிப்படப் போட்டது போக என்னிடம் மிச்சமிருந்தது எட்டு. உன்னிடம் கேட்க நாக்கு வரவில்லை. கனடா போகிறவளிடம் முட்டை இல்லை என்று எப்படிச் சொல்வது?

அதனால் ஒவ்வோர் உருளையிலும் இந்த முனையில் ஒரு முட்டை, அந்த முனையில் ஒரு முட்டை வைத்துச் சுருட்டினேன். நடுவில் ஒன்றுமில்லை. நானே கத்தியைப் பிடித்து இரண்டு முனைகளிலிருந்தும் வெட்டித் தட்டில் அடுக்குவது, நடுப்பகுதியை அப்படியே சமையலறைக்குள் தள்ளிவிடுவது என்று திட்டம். மூன்று உருளைக்குத் திட்டம் பலித்தது. நான்காவதை எடுக்கப் போகும்போது உன் நாத்தனார் பாசிங் வந்தாள், தெய்வமே. "தள்ளு சாரிங், நான் வெட்டறேன், நடுவுல வெட்டினாத்தான் எம்புடிடோவுக்கு அழகு"ன்னு சொல்லி, உருளையின் வயிற்றில் சரியாக நடுவில் கத்தியை வைத்தாள்.

பதினோரு துண்டு. ஒன்றில்கூடக் கண் இல்லை. பாசிங் கண்ணாடி போடாததால் கவனிக்கவில்லை. தட்டில் வரிசையாக அடுக்கிவிட்டு மகிழ்ச்சியாக ஆடப் போய்விட்டாள். தட்டை எடுத்துக்கொண்டு ஓடினேன். குப்பையில் போட்டால் யாராவது பார்ப்பார்கள், இறைச்சியை எறிய மனமும் இல்லை. பைக்குள் திணித்தேன். நீ பார்த்தது அதைத்தான்.

நான் எடுத்தது பிள்ளைகளுக்காக இல்லை லூடி. உன் மகள் விருந்தில் மொட்டைத் துண்டு இருந்தது என்று ஊர் பேசக்கூடாது என்பதற்காக. என் இல்லாமை வெளியே தெரியக்கூடாது என்பதற்காகவும்தான், பொய் சொல்வானேன். வீட்டுக்கு வந்து துணியை அவிழ்த்தபோது சிட்ரோ பார்த்துவிட்டு, "என்னடி இது, எல்லாம் குருடா இருக்கு"ன்னார். மூன்று நாள் சாப்பிட்டோம்.

இப்போது யோசித்துப் பார். மறுநாள் காலை உன் கூடை வருகிறது. உள்ளே டஜன் முட்டை. நீ எல்லாவற்றையும் கண்டுபிடித்துவிட்டாய், 'முட்டை இல்லையா, இந்தா' என்று என் முகத்தில் எறிகிறாய் என்று நினைத்தேன். பொட்டலம் கொடுக்காததும் அதற்குத்தான் என்று கணக்குச் சரியாக வந்தது. அந்தப் பன்னிரண்டு முட்டைகளும் என்னைப் பார்த்துச் சிரிப்பதுபோல இருந்தது.

என் மானத்தைக் காப்பாற்ற நீ வாயை மூடினாய். உன் மகள் மானத்தைக் காப்பாற்ற நான் பையை மூடினேன். ஒருத்தியாவது வாயைத் திறந்திருந்தால் பத்து வருஷம் வீணாகியிருக்காது. உன்னை வழியனுப்ப வராததுதான் எனக்கு இன்றும் வலிக்கிறது. அன்று ஜெபமாலையோடு வாசலில் உட்கார்ந்திருந்தேன். உங்கள் ஜீப்னி எங்கள் தெரு முனையைத் தாண்டியபோது ஹாரன் சத்தம் கேட்டது.

அக்டோபர் ஏழாம் தேதி எனக்கு அறுபது. பழைய மாதிரி விருந்து வைக்கப் போகிறேன், நீ ஆரம்பித்து வைத்த பைத்தியம். முட்டைக்கோஸ் குத்த ஆள் இல்லை. வருவாயா?

உன் மாரே,
சாரிங்


வின்னிபெக்
ஆகஸ்ட் 20, 1995

என் மாரே,

உன் கடிதத்தைத் தையல் ஆலையில் சாப்பாட்டு இடைவேளையில் படித்தேன். 'குருடா இருக்கு' என்ற இடத்தில் சூப் மூக்கு வழியாக வந்தது. மேற்பார்வையாளர் முதுகில் தட்டினார். அதற்கப்புறம் ஹாரன் வரியைப் படித்தேன். அழுதுவிட்டேன், அவர் மறுபடி வந்து தட்டினார். ஹாரனை அடிக்கச் சொன்னது நான்தான். உன் தெரு முனை வந்ததும், "நல்லா அழுத்துங்க"ன்னு டிரைவரிடம் சொன்னேன். நீ ஓடி வருவாய் என்று நினைத்தேன்.

அழைத்தால் இரண்டு தடவை வேண்டாம் என்று சொல்லி மூன்றாவது தடவைதான் சரி சொல்ல வேண்டும், நம் வழக்கம் அதுதான். கடிதம் போய்ச்சேரவே மூன்று வாரம் ஆகிறது. அந்த மரியாதைக்கெல்லாம் நேரமில்லை. வருகிறேன். செப்டம்பர் 29 மணிலாவில் இறங்குகிறேன். மிண்டாவும் வருகிறாள். டெல்போ வரவில்லை, அவருக்கு முதல் பனியைத் திட்ட வேண்டும்.

கூடையிலிருந்து வெங்காயத்தைக் கொட்டிவிட்டுக் கழுவிக் காயவைத்திருக்கிறேன். டெல்போ கேட்டார், "அதுல என்ன கொண்டு போற?" "ஒண்ணுமில்ல." "ஒண்ணுமில்லாததுக்கு எதுக்குக் கூடை?" "அது அவளுக்குத் தெரியும்"னு சொன்னேன்.

ஆமாம் மாரே. காலியாகத்தான் கொண்டுவருகிறேன். நீ எனக்கு அப்படித்தானே அனுப்பினாய், நானும் அப்படியே தருகிறேன். சாக்லேட்டும் சோப்பும் வேறு பெட்டியில் வருகின்றன, அதைக் கூடையோடு சேர்க்காதே. முட்டைக்கோஸ் இரண்டு வாங்கி வை, கனமானதாக. பல்குச்சி நான் கொண்டுவருகிறேன்.

லூடி


சான் பாப்லோ
செப்டம்பர் 8, 1995

மாரே,

சுருக்கமாக எழுதுகிறேன், வேலை தலைக்கு மேல் இருக்கிறது. இது நீ கிளம்புவதற்குள் கிடைத்துவிட வேண்டும்.

நான்கு உருளை. பதினெட்டு முட்டைக்குச் சொல்லி வைத்தாயிற்று, இரண்டு உடைந்தாலும் குறையக்கூடாது என்று. கட்டிப்படுவதற்கு வேறு. பாசிங்கை அழைத்திருக்கிறேன். இப்போது கண்ணாடி போடுகிறாள். கத்தியை அவள் கையில்தான் கொடுப்பேன், "எங்க வேணா வெட்டு"ன்னு சொல்லப் போகிறேன். அவளுக்கு ஒன்றும் புரியாது. நீ பக்கத்தில் நின்று பார்.

கூடையைக் காலியாகவே கொண்டு வா. உனக்குத் தைரியம்தான். திரும்பும்போது அதன் மூடி மூடாது, சொல்லிவிட்டேன்.

ஒரே ஒரு நிபந்தனை. என் வீடு, என் பிறந்தநாள், பொட்டலம் கட்ட வேண்டியவள் நான்தான், எல்லாம் தெரியும். இருந்தாலும் விருந்து முடிந்ததும் நீ என் கேட்டருகே போய் நிற்க வேண்டும். எல்லாரும் போகட்டும், நான் கடைசியாக வருவேன். எனக்கு நீ ஒரு பொட்டலம் தர வேண்டும். பெரியதாக. எதிர்வீட்டுக்காரி உயிரோடுதான் இருக்கிறாள், அவளையும் நிறுத்தி வைக்கிறேன்.

அந்த வெள்ளைக் கைப்பை இன்னும் இருக்கிறது. உள்ளே இன்றும் மிளகு வாசனை. எல்லாரும் பார்க்கத்தான் அதைத் திறக்கப் போகிறேன்.

சாரிங்